ஊசி குத்துவது வேறு, மருந்து எரிவது வேறு



சென்ற கார்த்திகை விளக்கீட்டன்று பூசை முடிந்து மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்த வேளையில் ஓர் அம்மா எம் பக்கத்தில் வந்து அமர்ந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். சீனி வியாதியால் சிறுநீரகம் பழுதடைந்து, இரத்தம் ஊறுவதற்காகக் கிழமைக்கு ஒரு தடவை வயிற்றுத் தோலின் கீழ் ஊசி போட்டுக்கொள்பவர். "ஊசி நோகேல்லைப் பிள்ளை, அந்த மருந்துதான் உள்ளுக்குப் போகேக்கை நெருப்பு மாதிரி எரியுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மூன்று மாதமாக இரண்டு கிழமைக்கு ஒன்றுதான் போடுவதாகவும், மிச்சப் பெட்டிகள் குளிர்சாதனப் பெட்டியில் மரக்கறிக்குக் கீழே இருப்பதாகவும் சொன்னார். மகளுக்கும் தெரியாது.

வைத்தியசாலையில் "ஊசி எப்படிப் போகிறது?" என்று கேட்டால் "நல்லம்" என்பாராம். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே வந்தது. மருந்து போதவில்லை என்று எண்ணிய வைத்தியர் அளவைக் கூட்டினார். கூட்டிய மருந்து கூடுதலாக எரிந்தது. அம்மா இன்னும் சில ஊசிகளைத் தவிர்த்தார். இந்தக் கதையில் பிழை செய்தவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. ஆனால் ஒரு சொல் சொல்லப்படவில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றியதே இம்முறை எமது சுகாதாரப் பாடம்.

முதலில் அந்த மருந்து என்னவென்று பார்ப்போம். எமது சிறுநீரகங்கள் கழிவை அகற்றுவதோடு நிற்பதில்லை. எரித்ரோபொயட்டின் என்ற ஓமோனையும் சுரக்கின்றன. என்பு மச்சைக்கு "செங்குருதிக் கலங்களை உண்டாக்கு" என்று ஏவுவது அதுதான். சிறுநீரகம் பழுதடைந்தால் அந்த ஏவல் குறைகிறது, இரத்தச்சோகை வருகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்த ஓமோனை ஆய்வுகூடத்தில் உயிர்க்கலங்களைக் கொண்டு தயாரிக்கும் முறை 1980களில் கைகூடியது. 1989இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் டயலிசிஸ் செய்தவர்கள் மாதக்கணக்கில் பிறர் இரத்தம் ஏற்றியே காலம் கழித்தார்கள். ஆகவே இது சிறிய மருந்து அல்ல.

ஆரம்பத்தில் இதனை டயலிசிஸ் இயந்திரக் குழாய் வழியாக நாளத்தில் செலுத்தினார்கள். பின்பு தோலின் கீழ் போட்டால் மருந்து மெதுவாக ஊறி நெடுநேரம் வேலை செய்வதும், குறைந்த அளவே போதுமாவதும் தெரிந்தது. 1998இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், தோலின் கீழ் போட்டவர்களுக்கு நாளத்தில் போட்டவர்களைவிடச் சராசரியாக 32 வீதம் குறைந்த மருந்தே தேவைப்பட்டது. விலை கூடிய மருந்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்றால் எந்த அரசாங்கமும் விடாது. அதோடு டயலிசிஸ் தொடங்காதவர்களும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். ஆனால் நாளத்தில் போகும்போது தெரியாதிருந்த ஒன்று தோலின் கீழ் தெரிந்தது: எரிவு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரே ஓமோன் இரண்டு கம்பனிகளின் புட்டியில் வந்தபோது, ஒன்று எரிகிறது, மற்றது அவ்வளவாக இல்லை என்று நோயாளிகள் சொல்லத் தொடங்கினார்கள். எப்போயட்டின் அல்பா, எப்போயட்டின் பீட்டா என்பன அந்த இரண்டு. நோயாளி சொன்னார் என்பதற்காக விஞ்ஞானம் உடனே ஏற்றுக்கொள்வதில்லை. புது மருந்து என்ற பயமாக இருக்கலாம், தாதியின் கை வேறாக இருக்கலாம், ஊசி தடித்திருக்கலாம். ஆகவே 1991இல் பிரான்சிலும் நெதர்லாந்திலும் இதற்கென்றே ஒப்பீட்டு ஆய்வுகள் வெளியாகின.

அவ்வாறான ஆய்வு எப்படி நடக்கிறது என்பதை அறிந்து வைத்தால், பத்திரிகைகளில் வரும் மருந்துச் செய்திகளையும் எடைபோடலாம். முக்கியமான விடயம், அதே ஆளுக்கே இரண்டு மருந்தையும் வெவ்வேறு நாளில் போடுவது. ஒருவருடைய வலியை இன்னொருவருடைய வலியோடு ஒப்பிட முடியாது. என் வலியை என் வலியோடுதான் ஒப்பிடலாம். பாதிப் பேருக்கு முதலில் இது, பின் அது. மற்றப் பாதிக்கு மாறி. ஏனெனில் முதல் ஊசிக்குப் பயம் கூட. போடுபவருக்கும் போடப்படுபவருக்கும் எந்தப் புட்டி எதுவென்று தெரியக்கூடாது. ஊசியின் தடிப்பு, மருந்தின் கனவளவு, போடும் இடம் யாவும் ஒன்றாக இருக்க வேண்டும். சில வேளை மருந்தே இல்லாத ஒரு கரைசலையும் இடையில் போடுவார்கள். அப்போதுதான் குத்திய வலி எவ்வளவு, கரைசலின் வலி எவ்வளவு என்று பிரித்தறியலாம்.

வலியை எப்படி அளப்பது? 10 சென்ரிமீற்றர் நீளமான ஒரு கோட்டைக் கீறி, ஒரு முனையில் "வலியே இல்லை", மறு முனையில் "நினைக்கக்கூடிய மிகக் கொடிய வலி" என்று எழுதி, நோயாளியையே ஓர் அடையாளம் போடச் சொல்வார்கள். பிறகு அடிமட்டத்தால் அளப்பார்கள். மிக எளிய உபகரணம். ஆனால் நன்றாக வேலை செய்கிறது. எமது பெரியவர்களிடம் இது எப்போதும் சரிவருவதில்லை. எமது வகுப்பில் ஓர் ஐயாவிடம், "சுழியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்று கேட்டோம். "எட்டு" என்றார். கவலையோடு விசாரித்தால், பத்துக்கு எட்டுப் புள்ளி, அதாவது ஊசி நன்றாகப் போகிறது என்று பொருளாம்! பள்ளிக்கூடப் புள்ளி எமது தலைமுறையை விட்டுப் போகாது. மொழிபெயர்க்கச் செல்லும் பிள்ளைகள், பத்து என்றால் கெட்டது என்பதை முதலில் விளக்க வேண்டும்.

அந்த ஆய்வுகளில் நோயாளிகள் சொன்னது மெய்யென்று தெரிந்தது. எப்போயட்டின் அல்பா கூடுதலாக எரிந்தது. அப்படியானால் குற்றவாளி அந்த ஓமோனா? இல்லை. மருந்துப் புட்டிக்குள் மருந்து மட்டும் இருப்பதில்லை. புரதம் கெட்டுப்போகாமல் இருக்க, கரைசலின் அமிலத்தன்மை ஏறி இறங்காமல் பிடித்து வைக்கும் தாங்கற் கரைசல் ஒன்று வேண்டும். அல்பாவில் அது சிட்ரேட். ஊரில் இரசாயனம் படித்தவர்களுக்குச் சித்திரிக்கமிலம் என்றால் ஞாபகம் வரும். தேசிக்காய்ப் புளியில் உள்ளதுதான். 1998இல் வெளியான ஆய்வொன்று சிட்ரேட் இட்ட அல்பாவையும், பொஸ்பேட் இட்ட அல்பாவையும், பீட்டாவையும் ஒப்பிட்டது. 1993இல் நெதர்லாந்துக் குழுவினர் மருந்தின் கூறுகளில் எரிவைத் தருவது எது என்று தேடி, சிட்ரேட்டைச் சுட்டிக் காட்டினார்கள். 2006இல் டென்மார்க்கில் மருந்தே இல்லாமல் வெறும் தாங்கற் கரைசல்களை நலமானவர்களுக்குப் போட்டுப் பார்த்தபோதும் சிட்ரேட் கூடுதலாக நொந்தது. ஹிஸ்டிடின் என்ற இன்னொரு தாங்கல் உப்புநீரோடு பெரிதாக வேறுபடவில்லை. ஐரோப்பாவில் விற்கப்படும் எப்போயட்டின் அல்பாவில் பின்னர் சிட்ரேட்டுக்குப் பதிலாகப் பொஸ்பேட் வந்தது.

இவ்வளவும் நடந்தது யாரோ சில நோயாளிகள் "இது எரிகிறது, அது எரியவில்லை" என்று வாய்விட்டுச் சொன்னதால்தான் என்பதைக் கவனியுங்கள்.

இதற்காக எல்லா எரிவுக்கும் சிட்ரேட்தான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. பின்னர் வந்த டார்பெப்போயட்டின் என்ற நெடுநாள் மருந்தில் பொஸ்பேட் தாங்கலே உண்டு. ஆயினும் டயலிசிஸ் செய்யும் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஜேர்மன் ஆய்வொன்றில், எப்போயட்டின் பீட்டாவைவிட அது கூடுதலாக நொந்தது. ஆனால் கிழமைக்கு மூன்று ஊசிக்குப் பதிலாக ஒன்று, அல்லது இரண்டு கிழமைக்கு ஒன்று போதும். மூன்று சிறு வலியா, ஒரு பெரிய வலியா? அதை வைத்தியர் தீர்மானிக்க முடியாது. ஊசி ஏறும் உடம்புக்குரியவரே சொல்ல வேண்டும். மேலே சொன்ன 1998ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்விலும், தோலின் கீழ் போட்டவர்களில் பெரும்பாலானோர் வலியே இல்லை அல்லது சிறிதளவே என்று கூறினர். எரிவைச் சொல்லி மற்றவர்களைப் பயப்படுத்துவது எமது நோக்கமன்று.

"ஒரு சிறு உப்பை மாற்றுவதுதானே, உடனே மாற்றலாமே" என்று சிலர் கேட்பார்கள். அதற்கு ஒரு கசப்பான பதில் உண்டு. 1998இல் ஐரோப்பாவில் எப்போயட்டின் அல்பாவில் சேர்த்து வந்த மனித அல்புமினை நீக்கினார்கள். மனித இரத்தத்திலிருந்து பெறும் பொருளால் நோய் தொற்றலாம் என்ற அச்சமே காரணம். பதிலாகப் பொலிசோர்பேட் 80 என்ற பொருளைச் சேர்த்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் பின் சில நோயாளிகளின் உடல் அந்த மருந்துக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உண்டாக்கத் தொடங்கியது. அந்த எதிர்ப்பொருள் ஊசி மருந்தை மட்டுமல்ல, உடலில் மிச்சமாக ஊறும் சொந்த ஓமோனையும் அழித்தது. என்பு மச்சை செங்குருதிக் கலம் உண்டாக்குவதையே நிறுத்திவிட்டது. மீண்டும் இரத்தம் ஏற்றும் நிலை. இவ்வாறான 13 நோயாளிகளைப் பற்றி 2002இல் விரிவான கட்டுரை வெளியானது. அந்த ஆண்டே ஐரோப்பாவில், சிறுநீரக நோயாளிகளுக்கு அம்மருந்தைத் தோலின் கீழ் போடுவது நிறுத்தப்பட்டது. முன்நிரப்பிய ஊசிகளின் இறப்பர் அடைப்பிலிருந்து பொருள்கள் கசிந்து மருந்தில் கலந்திருக்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அடைப்புக்குப் பூச்சு இட்டார்கள். குளிரில் ஒழுங்காக வைக்காததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. பின்னர் தடை தளர்ந்தது. ஆகையால் புட்டிக்குள் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு, ஒன்றை மாற்றினால் இன்னொன்று அசையும். மருந்தைக் காருக்குள் வெயிலில் வைத்துவிட்டு அர்ச்சனைக்குப் போகாதீர்கள் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

இந்தப் பாடம் சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் உரியதன்று. மூட்டுவாதம், சொரியாசிஸ், குடல் அழற்சி முதலியவற்றுக்குப் போடும் அடலிமுமாப் என்ற ஊசியிலும் இதே கதைதான். பழைய தயாரிப்பில் 40 மில்லிகிராம் மருந்து 0.8 மில்லிலீற்றரில், சிட்ரேட்டோடு இருந்தது. புதிய தயாரிப்பில் அதே 40 மில்லிகிராம் பாதிக் கனவளவில், சிட்ரேட் இல்லாமல், இன்னும் மெல்லிய ஊசியோடு வந்தது. அதே நோயாளிக்கு இரண்டையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வில் வலி தெளிவாகக் குறைந்தது. கனவளவும் சிட்ரேட்டும் ஊசியும் ஒரே நேரத்தில் மாறியதால் எது எவ்வளவு உதவியது என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. நோயாளிக்கு அது பெரிய விடயமும் அல்ல. ஆனால் 2018 இறுதியில் ஐரோப்பாவில் இம்மருந்தின் மலிவான ஒத்த தயாரிப்புகள் வந்ததும் பிரித்தானியாவில் பலர் அவற்றுக்கு மாற்றப்பட்டார்கள். அவற்றுள் சிலவற்றில் சிட்ரேட் இருந்தது, சிலவற்றில் இல்லை. "அதே மருந்துதான்" என்று கடிதம் வரும். வீட்டில் போட்டால் எரியும். உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் அது கற்பனை அல்ல. பெட்டிக்குள் இருக்கும் தாளில் "ஏனைய சேர்மானங்கள்" என்ற பகுதியில் சோடியம் சிட்ரேட், சிட்ரிக் அசிட் என்று இருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சிட்ரேட் இல்லாத தயாரிப்பு உண்டா என்று தாதியிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஊரில் வாதக்காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதடைந்த பிள்ளைகளை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒரு பென்சிலின் ஊசி, பிட்டத்தில், ஐந்து பத்து ஆண்டுகள். பென்சாதீன் பென்சிலின் தண்ணீர்போல் அல்ல. வெண்ணிறமாகக் கலங்கிய தடித்த மருந்து, தடித்த ஊசி வேண்டும். அந்த வலி எரிவு அல்ல, உளைவு. இரண்டு நாளைக்கு நொண்டி நடக்க வைக்கும். ஊசிக்குப் பயந்து கிளினிக்குக்குப் போகாமல் விட்ட பிள்ளைக்கு மீண்டும் காய்ச்சல் வந்து வால்வு இன்னும் பழுதாகும். 1998இல் இஸ்ரேலில் வெளியான ஆய்வொன்றில், அம்மருந்தை வெறும் நீருக்குப் பதிலாக லிடோகெயின் என்ற விறைப்பு மருந்தில் கரைத்துப் போட்டார்கள். வலி குறைந்தது, இரத்தத்தில் பென்சிலின் அளவு குறையவில்லை. ஆனால் இதனை எல்லா இடத்திலும் எல்லோருக்கும் செய்வதில்லை. விறைப்பு மருந்து ஒவ்வாதவர்கள் உண்டு. தசைக்கென்று அவ்வாறு கரைத்த மருந்தை நாளத்தில் ஏற்றினால் ஆபத்து. வைத்தியர் செய்ய வேண்டிய வேலை, வீட்டு வைத்தியம் அல்ல.

இன்சுலின் போடுபவர்களுக்கும் ஒரு சொல். கிளார்ஜின் என்ற நெடுநேர இன்சுலின் அமிலத்தன்மையான கரைசலில் வருகிறது. அதனால் சிலருக்குச் சுரீரென்று எரியும். எல்லோருக்கும் இல்லை. எரிந்தால் சொல்லுங்கள், வேறு வகைகள் உண்டு.

வீட்டில் செய்யக்கூடியவை சில. குளிர்ந்த மருந்து கூடுதலாக எரியும். ஆகவே போடுவதற்குச் சற்று முன், தாளில் சொல்லியபடி 15 முதல் 30 நிமிடம், வெளியே எடுத்து வைக்கலாம். சுடுதண்ணீரில் போடுவதோ மைக்ரோவேவில் வைப்பதோ கூடாது. புரதம் முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டு கெட்டுவிடும். குலுக்கவும் வேண்டாம். தோலில் தேய்த்த ஸ்பிரிட் காயும்வரை பொறுக்க வேண்டும், ஈரத்தோடு குத்தினால் அதுவும் எரியும். இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். அவசரப்படாமல் மெதுவாகத் தள்ளுங்கள். இவ்வளவும் செய்தும் எரிந்தால் அது உங்கள் கைப்பிழை அன்று.

எமது மொழியில் வலிக்குச் சொற்கள் குறைவா என்ன? ஆனால் வைத்தியசாலையில் எல்லாம் "பெயின்" என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. குத்து என்றால் ஊசி நுழையும்போது, ஒரு கணம். ஊசியின் தடிப்பைப் பார்க்க வேண்டும். எரிவு என்றால் மருந்து போகும்போது தொடங்கிச் சில நிமிடத்தில் ஆறுவது. அது கரைசலைப் பற்றிய செய்தி. உளைவு என்றால் பிறகு வந்து நாள்கணக்கில் நிற்பது. கடியும் தடிப்பும் என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம். சிவந்து, சூடாகி, நாளுக்கு நாள் கூடுவது கிருமியாக இருக்கலாம்; அதற்கு அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. மொழிபெயர்க்கும் பிள்ளை "ஷி ஹாஸ் பெயின்" என்பதோடு நிறுத்தாமல் எந்த வலி, எப்போது, எவ்வளவு நேரம் என்று சொன்னால், தாதிக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இனி அந்த அம்மாவிடம் வருவோம். நாம் முதலில் அவரிடம் சொன்னது, ஒளித்து வைத்த ஊசிகளை இப்போது சேர்த்துப் போட்டுவிட வேண்டாம் என்பதே. ஏனெனில் கூட்டிய அளவு, அவர் முழுவதும் போடுகிறார் என்று நம்பிக் கொடுத்த அளவு. திடீரென்று அதை ஒழுங்காகப் போடத் தொடங்கினால் ஹீமோகுளோபின் வேகமாக ஏறி, இரத்த அழுத்தம் கூடலாம், இரத்தம் கட்டிபடலாம். சீனி வியாதியுள்ள சிறுநீரக நோயாளிகளில் ஹீமோகுளோபினை டெசிலீற்றருக்கு 13 கிராம் வரை ஏற்ற முயன்ற பெரிய ஆய்வு 2009இல் வெளியானபோது, அவர்களில் பக்கவாதம் ஏறக்குறைய இரு மடங்காகக் காணப்பட்டது. இரத்தம் குறைந்தாலும் கேடு, அளவுக்கு மிஞ்சினாலும் கேடு. ஆகையால்தான் இங்கு பெரும்பாலும் 10 முதல் 12 வரை வைத்திருக்கப் பார்க்கிறார்கள்.

மகளிடம் சொல்ல அம்மாவுக்குப் பெரிய தயக்கம். "பிள்ளை வேலையும் வீடும் பார்க்கிறாள், இதையும் சொல்லி அழுத்தவோ?" என்றார். கடைசியில் சொன்னார். மகள் கோபிக்கவில்லை, அழுதாராம். இருவருமாக மிச்சப் பெட்டிகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்த் தாதியின் மேசையில் வைத்தார்கள். தாதி பெட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, ஏசவில்லை; "எப்போது எரிகிறது, எவ்வளவு நேரம்?" என்றுதான் கேட்டார். அளவு மீண்டும் குறைக்கப்பட்டது, வேறொரு தயாரிப்புக்கு மாற்றப்பட்டது.

தைப்பொங்கலன்று அம்மாவைக் கண்டோம். எரிவு இப்போது எவ்வளவு என்று கேட்டோம். "மூன்று" என்றார். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணிய மூன்று என்று மறுபடியும் கேட்டு உறுதிசெய்துகொண்டோம்.

மேலே சொன்ன வலிச் சொற்களை இரு மொழியிலும் எழுதிய தாள் ஆலய அலுவலகத்தில் இருக்கிறது. கிளினிக்குக்குப் போகுமுன் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.